கரையேற்றிய படகுக்கு வீட்டு ப்ளக்கிலிருந்து கரண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்டாரியோ பக்கம் அக்டோபர் பிறந்தால் படகுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரிலிருந்து தூக்கிவிடுவார்கள். அப்புறம் ஏப்ரல், மே வரை வீட்டு டிரைவ்வேயிலோ படகு யார்டிலோ மூடிக் கிடக்கும். மரீனா எனப்படும் படகுத்துறையில் 30 ஆம்ப் மின்பெட்டியில் முறுக்கிப் பூட்டிய தடித்த மஞ்சள் வயர், வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண மூன்று துளை சாக்கெட்டில் பொருந்தாது. பொருத்த ஓர் அடாப்டர் போதும். கஷ்டம் எல்லாம் பொருத்திய பிறகுதான்.

கீழே உள்ளவை கனடா, அமெரிக்காவின் 120 வோல்ட் கணக்கில் எழுதியவை. 230 வோல்ட் ஊர்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது.

நிறுத்தி வைத்த படகுக்குக் கரண்ட் தேவையா?

பெரும்பாலான படகுகளுக்குத் தேவையில்லை. அடாப்டர் வாங்கும் முன் இதை யோசித்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் படகில் கரண்டை எதிர்பார்த்து இருப்பது பேட்டரி ஒன்றுதான். நல்ல லெட்-ஆசிட் பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டால் அது தானாக இழப்பது மாதம் சில சதவீதம்தான். குளிர் கூடக்கூட அந்த இழப்பும் குறையும். முழு சார்ஜில் உள்ள பேட்டரியின் ஆசிட் உறைய மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போக வேண்டும். சார்ஜ் முற்றிலும் இறங்கிய பேட்டரி மைனஸ் 7 டிகிரி வாக்கிலேயே உறைந்து பெட்டி விரிசல் விடும். அந்தக் குளிர் டொராண்டோவில் ஜனவரி மாத இரவுகளில் சர்வசாதாரணம். ஆகவே பேட்டரியைக் கொல்வது குளிர் அல்ல, சார்ஜ் இல்லாமை.

ரேடியோவின் மெமரி, கேஸ் டிடெக்டர், அலாரம் போன்றவை மெயின் சுவிட்சுக்கு முன்பே நேரடியாக பேட்டரியில் இணைந்திருக்கும். சுவிட்சை ஆஃப் செய்தாலும் அவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கேபிளைக் கழற்றச் சொல்வது அதனால்தான்.

சரி, யாருக்குத் தேவை? குளிர்காலத்தில் உள்ளே வேலை பார்ப்பவர்கள், கழற்ற முடியாத இடத்தில் பெரிய பேட்டரி வரிசை வைத்திருப்பவர்கள், திருட்டு அலாரம் ஓடியே ஆகவேண்டும் என்பவர்கள். மற்றவர்கள் மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்தால் போதும். 12.7 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போடும் நேரம்.

எந்த அடாப்டர் வாங்க வேண்டும்?

படகின் பக்கவாட்டில் வளைந்த மூன்று தகடுகளோடு, முறுக்கினால் பூட்டிக்கொள்ளும் இன்லெட் (வயரைச் செருகும் வாய்) இருந்தால் அது எல்5-30 வகை, 30 ஆம்ப், 125 வோல்ட். வீட்டுச் சுவரில் இருப்பது 5-15 வகை, 15 ஆம்ப். உங்களுக்கு வேண்டியது ஒரு முனையில் வீட்டு ப்ளக்கும், மறு முனையில் படகு வயரின் முறுக்கு ப்ளக்கை வாங்கிக்கொள்ளும் சாக்கெட்டும் உள்ள அடாப்டர். ரப்பரில் ஒரே துண்டாக வார்த்தது நல்லது. இரண்டு முனையையும் தனித்தனியாக வாங்கி வீட்டில் திருகிச் சேர்த்ததை வெளியில் பனியில் போட வேண்டாம்.

இன்னொரு வழியும் உண்டு. வீட்டிலிருந்து சாதாரண எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, படகின் இன்லெட்டில் நேராகச் செருகும் குட்டி அடாப்டரில் மாட்டுவது. இரண்டும் வேலை செய்யும். எனக்குப் பிடித்தது முதல் வழி. படகோடு வந்த வயர் 10 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன்), தண்ணீருக்கும் வெயிலுக்கும் தாங்கும். அடாப்டர் வீட்டுச் சுவர் ஓரமாக, கூரைக்குக் கீழே இருக்கும். பனிக்குள் இணைப்பே வராது.

இரண்டு பக்கமும் ஆண் ப்ளக் உள்ள வயரை யாராவது செய்து கொடுத்தால் வாங்காதீர்கள். ஒரு முனையைச் சுவரில் செருகிய நொடியில் மறு முனையின் தகடுகளில் கரண்ட் நிற்கும்.

30 ஆம்ப் படகை 15 ஆம்ப் சாக்கெட்டில் செருகினால் தீப்பிடிக்காதா?

பிடிக்காது. அளவுக்கு மேல் இழுத்தால் வீட்டு பேனலில் உள்ள 15 ஆம்ப் பிரேக்கர் விழும். அந்த பிரேக்கரைவிட வழியில் இருக்கும் வயர்கள் எல்லாம் பெரியவை, அதனால் பாதுகாப்பு.

தலைகீழாகச் செய்வதுதான் ஆபத்து. யார்டில் 30 ஆம்ப் மின்பெட்டி இருக்கும், உங்களிடம் வீட்டு எக்ஸ்டென்ஷன் வயர் இருக்கும். இரண்டையும் சேர்க்கவும் கடையில் அடாப்டர் கிடைக்கும். இப்போது 13 ஆம்ப் தாங்கும் மெல்லிய வயரைக் காப்பது 30 ஆம்ப் பிரேக்கர். வயர் உருகும்வரை அந்த பிரேக்கர் அசையாது. மேலே பெரியது, கீழே சிறியது என்று இறங்கினால் நடுவில் 15 ஆம்ப் பிரேக்கரோ ஃபியூஸோ உள்ள அடாப்டர் மட்டுமே சரி.

15 ஆம்பில் என்னவெல்லாம் ஓட்டலாம்?

தொடர்ந்து ஓடும் சாமானுக்கு 80 சதவீதம்தான் கணக்கு. அதாவது 12 ஆம்ப், சுமார் 1,440 வாட். 20 ஆம்ப் பேட்டரி சார்ஜர் பேட்டரிக்கு 20 ஆம்ப் கொடுத்தாலும் சுவரிலிருந்து இழுப்பது 3 ஆம்ப் வாக்கில்தான், ஏனென்றால் அந்த 20 என்பது 12 வோல்ட் பக்கத்துக் கணக்கு. விளக்கு, லேப்டாப், சின்ன கிரைண்டர் எல்லாம் தாராளமாக ஓடும். 1,500 வாட் ஹீட்டர் ஒன்று போட்டால் அதுவே 12.5 ஆம்ப், கணக்கு முடிந்தது.

கராஜ் சாக்கெட் தனி சர்க்யூட் என்று நினைத்துவிடாதீர்கள். பல வீடுகளில் கராஜ் கதவும், மூலையில் ஓடும் ஃப்ரீஸரும் அதே பிரேக்கரில் இருக்கும். படகில் ஹீட்டர் போட்டதற்கு ஃப்ரீஸரில் இருக்கும் மீன் கெட்டுப்போகும்.

ப்ளக் போடும் முன் படகின் பேனலில் என்ன செய்ய வேண்டும்?

ஏசி பக்கம், அதாவது கரையிலிருந்து வரும் 120 வோல்ட் பக்கம், உள்ள எல்லா பிரேக்கரையும் ஆஃப் செய்யுங்கள். வயரை முதலில் படகில் முறுக்கிப் பூட்டுங்கள், பிறகு சுவரில் செருகுங்கள். போலாரிட்டி விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. உடனே கழற்றி, சுவர் சாக்கெட்டை மூன்று விளக்கு டெஸ்டரால் சோதியுங்கள். சரியாக இருந்தால் மெயினை ஆன் செய்து, அப்புறம் சார்ஜரை மட்டும் ஆன் செய்யுங்கள். கழற்றும்போது சுவர் முதலில், படகு கடைசியில்.

வாட்டர் ஹீட்டர் பிரேக்கர் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். குளிர்காலத்துக்கு டாங்கைக் காலி செய்திருப்பீர்கள். தண்ணீர் இல்லாத டாங்கில் அந்த எலிமென்ட் சில நிமிடங்களிலேயே எரிந்துபோகும். பேனலில் சார்ஜர் பிரேக்கருக்கு அடுத்ததாகவே அது இருக்கும், கையுறை போட்ட விரல் இரண்டையும் சேர்த்துத் தட்டும். கடல் நீரையோ ஏரி நீரையோ உறிஞ்சிக் குளிரும் ஏசி, ஹீட் பம்பும் கரையில் ஓடக் கூடாது.

செருகி அரை மணி நேரம் கழித்து இரண்டு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை, சூடு ஆகாது. முறுக்கு ப்ளக்கின் ஒரு தகட்டைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தால் அங்கே இணைப்பு தளர்ந்தோ களிம்பு பிடித்தோ எரிந்துகொண்டிருக்கிறது. ப்ளக்கை மட்டும் மாற்றினால் போதாது. படகில் உள்ள இன்லெட்டின் தகடும் சூட்டில் கெட்டிருக்கும். புது ப்ளக்கையும் அது கெடுத்துவிடும்.

எக்ஸ்டென்ஷன் வயர் எவ்வளவு தடிமன் வேண்டும்?

12 கேஜ் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். கணக்கு வேண்டுமென்றால்: 100 அடி தூரத்துக்கு 12 ஆம்ப் இழுத்தால் 12 கேஜில் சுமார் 4 வோல்ட் இழப்பு, 14 கேஜில் 6, ஆரஞ்சு நிறத்தில் மலிவாகக் கிடைக்கும் 16 கேஜில் 10 வோல்ட்டை நெருங்கும். அந்த 10 வோல்ட் எங்கும் போகவில்லை. நூறு வாட்டுக்கு மேல் வெப்பமாக வயருக்குள்ளேயே இருக்கிறது. வயரைச் சுருட்டியபடி வைத்திருந்தால் சுருளின் நடுவில் அந்தச் சூடு சேரும். விரித்துப் போடுங்கள்.

வெளியில் ஓர் இணைப்பாவது வந்தே தீரும் என்றால் தரையிலிருந்து உயர்த்தித் தொங்கவிடுங்கள். பாலித்தீன் பையில் சுற்றி டேப் அடித்தால் உள்ளே வியர்த்து இன்னும் மோசமாகும்.

செருகியவுடன் ஜிஎஃப்சிஐ (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சாக்கெட்) டிரிப் ஆகிறது. சாக்கெட் கெட்டதா?

அதிகம் வரும் கேள்வி இது. பெரும்பாலும் சாக்கெட் சரியாகவே இருக்கும், படகுதான் மாட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டு ஜிஎஃப்சிஐ சுமார் 5 மில்லிஆம்ப் கசிந்தாலே துண்டிக்கும். படகுகளுக்கு அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சி சொல்லும் ஈஎல்சிஐ என்ற அதே மாதிரிச் சாதனம் 30 மில்லிஆம்பில்தான் துண்டிக்கும். மரீனாவில் பல சீசன் பிரச்சினையில்லாமல் ஓடிய படகு வீட்டுக்கு வந்ததும் டிரிப் ஆவதற்கு இந்த வித்தியாசம் ஒரு காரணம். மரீனாவின் பழைய மின்பெட்டியில் கசிவைப் பார்க்கும் எதுவுமே இல்லாமல் இருந்திருக்கலாம் என்பது இன்னொன்று. கோளாறு அங்கேயும் இருந்தது, சொல்ல ஆள் இல்லை.

தேடும் முறை இப்படி. படகின் மெயின் பிரேக்கர் இரட்டைத் துருவம், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும். அதை ஆஃப் செய்துவிட்டு ப்ளக் போடுங்கள். அப்போதும் விழுந்தால் கோளாறு வயரிலோ அடாப்டரிலோ இன்லெட்டிலோ இருக்கிறது, பெரும்பாலும் இன்லெட்டுக்குள் ஈரம்.

விழவில்லை என்றால், கிளை பிரேக்கர்களை எல்லாம் ஆஃபில் வைத்து மெயினை மட்டும் ஆன் செய்யுங்கள். இப்போது விழுந்தால் படகுக்குள் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் ஒன்றோடொன்று தொடுகின்றன. கிளை பிரேக்கர்கள் ஃபேஸை மட்டுமே துண்டிப்பதால் நியூட்ரல் எல்லா சாமானுக்கும் இணைந்தே இருக்கிறது, அதனால்தான் எதையும் ஆன் செய்யாமலே டிரிப் ஆகிறது. கரையிலிருந்து கரண்ட் வரும்போது இந்த இரண்டும் படகில் சேரவே கூடாது. வீட்டு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் வீட்டு பேனல் பழக்கத்தில் இரண்டையும் ஒரே பட்டையில் திருகியிருப்பார். அல்லது உள்ளேயே நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்த வீட்டு அடுப்பு எதையாவது பொருத்தியிருப்பார்கள். ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் பாருங்கள். அவை தாமாக மின்சாரம் தரும்போது மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்க உள்ளே ஒரு ரிலே இருக்கும். அது ஒட்டிக்கொண்டால் இதே கதைதான்.

அதிலும் விழவில்லையா, ஒவ்வொரு கிளையாக ஆன் செய்யுங்கள். விழுந்த இடத்தில் குற்றவாளி இருப்பார். முதல் சந்தேகம் வாட்டர் ஹீட்டர் எலிமென்ட் மேல். ஆனால் சோதிக்கிறேன் என்று காலி டாங்கை ஆன் செய்யாதீர்கள். வயரைக் கழற்றி மீட்டரில் பாருங்கள்.

ஒன்றுமே பிடிபடவில்லை என்றால் சார்ஜர், இன்வெர்ட்டர் போன்றவற்றின் ஃபில்டர்கள் தலா கொஞ்சம் கொஞ்சம் கசிந்து மொத்தம் 5-ஐத் தொடுகிறது என்று அர்த்தம். ஒன்றை ஆஃப் செய்தால் தீரும்.

எர்த் பின்னை வெட்டிவிட்டால் டிரிப் ஆகாது என்கிறார்கள்...

வெட்டாதீர்கள். ஜிஎஃப்சிஐ இல்லாத சாக்கெட்டைத் தேடி வயர் இழுப்பதும் அதே தப்புதான்.

படகில் பச்சை எர்த் வயரும் பேட்டரியின் நெகட்டிவும் ஓர் இடத்தில் இணைந்திருக்கும். நெகட்டிவ் இன்ஜினோடு இணைந்திருக்கும், இன்ஜின் புரொப்பெல்லர் தண்டோடு. சார்ஜருக்குள் ஒரு ஃபேஸ் வயர் உரசினால் அந்தக் கரண்ட் எர்த் வழியாக வீட்டுக்குத் திரும்பி பிரேக்கரை விழ வைக்க வேண்டும். எர்த் பின் இல்லை என்றால் அது புரொப்பெல்லரில் வந்து உட்காரும். படகு மரக்கட்டை மேலும் ரப்பர் டயர் மேலும் நிற்கிறது, தரைக்கு வழி இல்லை. ஈரப் பனியில் நின்றபடி நீங்கள் புரொப்பெல்லரைத் தொட்டால் வழி கிடைத்துவிடும்.

என்னுடையது 50 ஆம்ப் படகு. வீட்டு சாக்கெட்டில் ஓடுமா?

ஓடும், பாதி மனதோடு. 50 ஆம்ப், 125/250 வோல்ட் இன்லெட்டில் இரண்டு ஃபேஸ் வயர்கள் வரும். 15 அல்லது 30 ஆம்புக்கு மாற்றும் அடாப்டர் உள்ளே ஒரே ஃபேஸை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும். 120 வோல்ட் சாமான் எல்லாம் ஓடும். 240 வோல்ட் அடுப்போ ஏசியோ ஓடாது. பேனலில் இரண்டு மீட்டரும் 120 காட்டுவதால் இரண்டு மடங்கு கரண்ட் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், மொத்தமே அந்த 12 ஆம்ப்தான்.

வீட்டிலேயே 30 ஆம்ப் படகு சாக்கெட் போட்டுவிடலாமா?

அடிக்கடி வேலை செய்பவர் என்றால் நல்ல யோசனை. ஒன்டாரியோவில் இதற்கு மின் பாதுகாப்பு ஆணையமான ஈஎஸ்ஏவுக்கு அறிவிப்பு கொடுத்துத்தான் செய்ய வேண்டும். நீங்களே செய்தாலும் அறிவிப்பும் சோதனையும் உண்டு.

எலக்ட்ரீஷியனிடம் "30 ஆம்ப் ப்ளக்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். வீட்டில் 30 ஆம்ப் என்றால் அவர்களுக்கு ஞாபகம் வருவது துணி உலர்த்தியின் 240 வோல்ட் சர்க்யூட். பார்வைக்கு எல்5-30 போலவே இருக்கும் எல்6-30 என்பது 250 வோல்ட். படகு வயரைச் செருகும் முன் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 120 காட்டாமல் 240 காட்டினால் ஒரு நொடியில் சார்ஜர், ரேடியோ, மைக்ரோவேவ் எல்லாம் போய்ச் சேரும். கேம்பர் வண்டிக்காரர்களுக்கு அடிக்கடி நடக்கும் விபத்து இது.

உள்ளே ஹீட்டர் வைத்தால் பூஞ்சை பிடிக்காதே?

ஆள் இல்லாத படகில் ஹீட்டர் வைப்பதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன். பிளாஸ்டிக் உறை போர்த்திய ஃபைபர் கிளாஸ் கூட்டுக்குள், மெத்தைகளுக்கு நடுவே, மாதக்கணக்கில் யாரும் பார்க்காத 1,500 வாட். மெத்தையை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், அலமாரிகளைத் திறந்து போடுங்கள், உறையில் காற்றுத் துளைகள் வையுங்கள். கம்ப்ரஸர் வகை ஈரம் உறிஞ்சி உறைகுளிரில் சுருளிலேயே பனி பிடித்து நின்றுவிடும்.

பெட்ரோல் இன்ஜின் படகு என்றால் இன்னொன்று: கடையில் வாங்கிய கார் சார்ஜரை இன்ஜின் அறைக்குள் வைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் தீப்பொறி வெளிவராத வகைச் சாதனங்கள்தான் இருக்க வேண்டும். ஹீட்டரும் கார் சார்ஜரும் அந்த ரகம் அல்ல.

சார்ஜரை ஆறு மாதம் ஆனிலேயே விடலாமா?

பல கட்டமாக சார்ஜ் செய்து, கடைசியில் 13.2 முதல் 13.6 வோல்ட்டில் ஃப்ளோட்டுக்கு (நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்திருக்கும் நிலை) இறங்கும் நல்ல சார்ஜர் என்றால் விடலாம். இருபது முப்பது வருடப் பழைய, கனமான டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் என்றால் கூடாது. அது நிறுத்தத் தெரியாமல் பேட்டரித் தண்ணீரைக் கொதிக்க வைத்து வற்றடித்துவிடும். எதுவானாலும் தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியை மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள்.

ஜிஎஃப்சிஐ நடு இரவில் விழுந்து, உங்களுக்குத் தெரியாமலே மூன்று வாரம் போவதுதான் இதில் உள்ள பொறி. சார்ஜர் செத்திருக்கும், கழற்றாத கேபிள் வழியாக கேஸ் டிடெக்டர் உறிஞ்சியபடி இருக்கும். வாரம் ஒருமுறை சாக்கெட்டின் பச்சை விளக்கைப் பார்க்க முடியாதவர் கேபிளைக் கழற்றிவைப்பதே மேல்.

லித்தியம் பேட்டரியை பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது. பாதி சார்ஜில் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

யார்டில் நிறுத்தியிருக்கிறேன். அங்கே செருகி வைக்கலாமா?

ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஆள் இருக்கும்போது மட்டும் கரண்ட், போகும்போது கழற்று என்பதுதான் பல யார்டுகளின் விதி. நெருக்கமாக நிற்கும் படகுகளில் ஒன்று பிடித்தால் நாலு எரியும். காலையில் போய் சார்ஜ் போட்டு, மாலை கழற்றிக்கொண்டு வந்தால் குளிர்காலத்துக்கு அதுவே தாராளம்.

படகைத் தண்ணீரிலேயே விட்டால்?

அது வேறு கணக்கு. தண்ணீரில் இருக்கும்போது எர்த் வயர் உங்கள் படகைப் பக்கத்துப் படகுகளோடு ஒரே பேட்டரிபோல இணைத்து, படகின் உலோகப் பாகங்கள் அரிக்காமல் காக்க மாட்டிய துத்தநாகத் துண்டுகளைத் தின்னும். அதைத் தடுக்க எர்த் வயரில் கால்வானிக் ஐசொலேட்டர் என்ற சாதனம் வேண்டும். கரையில் காய்ந்து நிற்கும் படகுக்கு அந்தக் கவலை இல்லை. கோடையில், மின் இணைப்புள்ள துறையருகே யாரும் நீந்தவும் கூடாது. நன்னீரில் கசியும் கரண்ட் உடலைச் செயலிழக்க வைத்து மூழ்கடிக்கும்.

ஐரோப்பா, ஆசியாவில்?

படகுத்துறைகளில் பெரும்பாலும் நீல நிற 16 ஆம்ப் வட்ட ப்ளக், 230 வோல்ட். அங்கும் வீட்டு ப்ளக்குக்கு மாற்றும் அடாப்டர் கிடைக்கும், மேலே சொன்ன விதிகளே பொருந்தும். அமெரிக்காவில் வாங்கி அங்கே கொண்டுபோன படகு என்றால் அடாப்டர் போதாது. சார்ஜர் இரண்டு வோல்ட்டேஜையும் ஏற்கலாம், அதன் மேல் உள்ள சீட்டைப் படியுங்கள். வாட்டர் ஹீட்டர் ஏற்காது, 230 கொடுத்தால் மூன்றரை மடங்குக்கும் மேல் வாட் இழுத்து எரிந்துபோகும். நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

மழைத் தண்ணீர் சேருமே, அதை அடியிலிருந்து வெளியேற்றும் பில்ஜ் பம்புக்காகவாவது கரண்ட் வேண்டாமா?

வேண்டாம். படகு கரையில் இருக்கிறது, அடியில் உள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றுங்கள், முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். தண்ணீர் தானாகப் போய்விடும். கழற்றியதை இன்ஜின் சாவியோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். அதை மாட்டாமல் படகை ஏரியில் இறக்குபவர்கள் ஒவ்வொரு மே மாதமும் இருக்கிறார்கள்.